பேச இயலாக் குழந்தையின் நோவை அறியும் முறை

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுக் கல்விப் பணியைப் பாராட்டிப் பேசும் தகுதி வாய்ந்தோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். விழாக் குழுவினர் நமக்கு வேறொரு பணியை ஒப்படைத்துள்ளனர். நம் விடுதியில் தங்கிப் படித்த பெண்களுள் பலர் செவிலியராகிப் பல ஊர்களில் தொண்டாற்றுகின்றனர். இவ்வாண்டும் சிலர் அப்படிப்பில் சேரவிருக்கின்றனர். அவர்தம் தொழிலில் அடங்கிய அரிய கூறு ஒன்றை யாவர்க்கும் விளங்குமாறு எடுத்துரைக்க வேண்டும் என்பதே அப்பணி. நாம் மருத்துவம் பயின்றோம் அல்லோம், பி.ஏ., பி.எட். பயின்ற பள்ளியாசிரியரே. ஆயினும் நம்மிடம் படித்துச் செவிலியரானோர் கூறக் கேட்டும், மருத்துவக் கட்டுரைகளைப் படித்தும் தெளிந்தவற்றை இங்கே கூறுகிறோம்.

நம் பொருள் இதுவே: உயிருக்குப் போராடும் ஒரு குழந்தை அமைதியாக உள்ளதா, பதற்றத்தில் உள்ளதா, நோவில் உள்ளதா என்பதை எங்ஙனம் அறிவது?

நுரையீரல் காய்ச்சல், டெங்கு, நில்லாத வலிப்பு, பாம்புக் கடி, தலைக் காயம் போன்றவற்றால் நலிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கின்றனர். மூச்சு தானாக ஓடாதபோது, வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ மூச்சுக்குழலுள் ஒரு குழாயைச் செலுத்தி வெண்டிலேட்டர் கருவியோடு இணைக்கின்றனர். அக்குழாய் குரல்நாண்களின் நடுவே செல்வதால், குழந்தை அழுதாலும் ஒலி எழுவதில்லை. முகம் அழும், கண்ணீர் வழியும், ஓசை மட்டும் வராது. தொண்டையில் குழாய், கையில் ஊசி, சுற்றிலும் கருவிகளின் மணியொலி, இரவும் பகலும் எரியும் விளக்கு, அருகில் தாய் இல்லை. இந்நிலையில் பெரியவர்களே பொறுத்துக் கிடப்பது அரிது. ஆகவே மருத்துவர்கள் நோவு தணிக்கும் மருந்தும் அமைதியூட்டும் மருந்தும் தருகின்றனர். பின்னதை மருத்துவமனையில் ‘செடேஷன்’ என்று வழங்குகின்றனர்.

இம்மருந்துகளுள் ஒரு வேறுபாட்டை மாணவியர் முதலிலேயே மனத்தில் இருத்த வேண்டும். மார்ஃபின், பென்டனில் முதலியவை நோவைத் தணிப்பவை. மிடசோலம் என்பது அச்சத்தைக் குறைத்து உறக்கம் தருவது. அது நோவைத் தணிப்பதில்லை. நோவால் துடிக்கும் குழந்தைக்கு மிடசோலம் ஒன்றை மட்டும் செலுத்தினால் குழந்தை அடங்கிவிடும். அதன் நோவு அடங்காது. பார்ப்போர்க்கு மட்டுமே நிம்மதி.

மருந்து குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு. குறைந்தால் குழந்தை கருவியோடு போராடும். குழாயைத் தானே பிடுங்கிவிடவும் கூடும். அது நொடிப் பொழுதில் உயிருக்கே இடராகும். மிகுந்தால் இரத்த அழுத்தம் தாழும்; குடல் இயக்கம் தளரும்; சுவாச முயற்சி மந்தமாகி வெண்டிலேட்டரில் கிடக்கும் நாள்கள் நீளும்; அசையாது கிடப்பதால் படுக்கைப் புண் தோன்றும். 1992ஆம் ஆண்டில், புரோபோபால் என்னும் மருந்தைத் தொடர்ந்து செலுத்திய பின் ஐந்து குழந்தைகள் இறந்த செய்தி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதன் பின்னரே அம்மருந்தைக் குழந்தைகளுக்கு நெடுநேரம் செலுத்துவது பேரிடர் என்னும் எச்சரிக்கை பரவியது. ஆகவே, ‘எவ்வளவு போதும்?’ என்னும் வினா நாள்தோறும், ஏன், சில மணிக்கொரு முறையும் எழுகின்றது. மருந்து தருவோர் விடை அறியாமல் கொடுத்தல் ஆகாது.

விடை சொல்ல வேண்டியது குழந்தை. அதற்கோ வாய் இல்லை. இங்கேதான் மருத்துவ வரலாற்றின் துயரமான பக்கம் ஒன்றை நாம் நினைவுகூர வேண்டியுள்ளது.

1980களில்கூட, பிறந்த குழந்தைகளுக்கு, சிறப்பாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு, போதிய நோவு தணிப்பு மருந்தின்றியே அறுவை செய்யும் வழக்கம் மேலைநாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலும் இருந்தது. அவற்றின் நரம்புகள் முதிரவில்லை. எனவே அவை நோவை உணரா என்று கருதினர். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்தபின் குழந்தை அசையாது. அசைவின்மையை நோவின்மையாகக் கொண்டனர். இந்தூர் மருத்துவக் கல்லூரியில் பயின்று, ஆக்ஸ்போர்டு சென்று ஆராய்ந்த கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்னும் இந்திய மருத்துவர், இதய நாளத்தை மூடும் அறுவைக்கு உட்பட்ட குறைமாதக் குழந்தைகளின் குருதியில் சுரப்புநீர்களை அளந்தார். பென்டனில் பெறாத குழந்தைகளின் உடல் பெருங்கொந்தளிப்புக்கு உள்ளானதையும், அவற்றிற்கே அறுவைக்குப் பிந்தைய இடர்கள் மிகுந்ததையும் 1987ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியிட்டார். வாய் சொல்லாததைக் குருதி சொல்லிற்று. அதற்குப் பின்னரே வழக்கம் மாறலாயிற்று.

நோவை எடுத்துரைக்க வாயற்றோர்க்கு நோவே இல்லையென்று வாயுள்ளோர் முடிவு கட்டுவது மருத்துவமனைக்கு மட்டும் உரிய பிழையன்று. இம்மன்றத்தில் அமர்ந்திருப்போர்க்கு அதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

இனி அளவுகோல்களுக்கு வருவோம். 1974ஆம் ஆண்டில் இலண்டனில் மருத்துவர் ராம்சே ஆறு படிகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அது பெரியோர்க்கு உரியது. அதன் படிகளுள் ஒன்று, நோயாளி கட்டளைக்கு மட்டும் கீழ்ப்படிகிறாரா என்று பார்ப்பது. எட்டு மாதக் குழந்தை எந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியும்? மேலும், ஆறு படிகளுள் பதற்றத்துக்கு ஒரே ஒரு படிதான் உண்டு. சற்றே சிணுங்குவதும் கட்டிலை உதைத்துக் குழாயைப் பிடுங்க முனைவதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

குழந்தைகளுக்கென்றே 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆம்புவெல் என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் ‘கம்ஃபர்ட்’ என்னும் அளவுகோலை அமைத்தனர். அதில் எட்டுக் கூறுகள் இருந்தன. அவற்றுள் இரண்டு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும். ஆனால் கடும் நோயில் இவ்விரண்டும் காய்ச்சலாலும், இரத்த அழுத்தத்தை ஏற்றத் தரும் மருந்துகளாலும் மாறுகின்றன. குழந்தையின் மனநிலையைத் தெளிவாகக் காட்டுவதில்லை. ஆகவே நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர் ஆய்வாளர்கள் அவ்விரண்டையும் நீக்கி, நடத்தையை மட்டும் நோக்கும் ஆறு கூறுகளை வைத்துக்கொண்டு, 2005ஆம் ஆண்டில் அதன் எல்லைகளை வரையறுத்தனர். இதுவே ‘கம்ஃபர்ட் பி’ எனப்படுகிறது.

அந்த ஆறு கூறுகள் இவை: விழிப்பு நிலை, அமைதி அல்லது பதற்றம், வெண்டிலேட்டரோடு இசைந்து மூச்சு விடும் தன்மை, உடல் அசைவு, தசையின் இறுக்கம், முகத்தின் இறுக்கம். கருவியில் இல்லாத குழந்தைக்கு மூச்சுக்கு மாற்றாக அழுகையைக் கணக்கிடுவர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆழ்ந்த உறக்கம் 1. மிகை விழிப்பு 5. முகம் முற்றும் தளர்ந்திருந்தால் 1; கோணிச் சுளித்திருந்தால் 5. ஆக மொத்தம் குறைந்தது 6, கூடியது 30. செவிலியர் குழந்தையைத் தொடாமல், முகமும் உடலும் தெரியும்படி நின்று, இரண்டு நிமிடம் உற்று நோக்க வேண்டும். இறுதியில் மட்டும் கையையோ காலையோ மெல்லத் தூக்கித் தசை இறுக்கத்தை அறிய வேண்டும்.

கணக்காசிரியர் போல் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். ஒரு குழந்தை அரைத் தூக்கத்தில் உள்ளது: 3. சிறிதே கலங்கியுள்ளது: 2. மூச்சு பெரும்பாலும் கருவியோடு இசைகிறது: 2. அடிக்கடி மெல்லக் கை கால் அசைக்கிறது: 3. தசை இயல்பு: 3. முகம் இயல்பு: 2. மொத்தம் 15. மற்றொரு குழந்தைக்கு 5, 5, 4, 5, 4, 5 எனக் கூட்டினால் 28. ஆய்வாளர் வகுத்த எல்லைப்படி 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருந்து மிகுதி. 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் அமைதி போதவில்லை. 11 முதல் 22 வரை உள்ள இடைவெளியில் எண் மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை. அங்கே, படுக்கையருகே நிற்கும் செவிலியரின் கருத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவ்வாய்வாளர்களே கூறினர். முப்பது ஆண்டுகளாய் விடைத்தாள் திருத்திய நமக்கு இது மிகவும் உவப்பானது. மதிப்பெண் மாணவனைக் காண உதவும் கண்ணாடி. மாணவனைக் காணாமல் கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

வேறு அளவுகோல்களும் உண்டு. 2006ஆம் ஆண்டில் கர்லி என்னும் செவிலியப் பேராசிரியர் வெளியிட்டது குறை 3 முதல் கூட்டல் 2 வரை செல்வது. நாம் கரும்பலகையில் வரையும் எண் கோட்டைப் போன்றது. நடுவில் உள்ள சுழி, குழந்தை விழித்திருக்கிறது, தேற்றினால் தேறுகிறது என்பதைக் குறிக்கும். குறைப் பக்கம் மயக்கம். கூட்டல் பக்கம் பதற்றம். பெரியோர்க்கென 2002ஆம் ஆண்டில் வெளியான ரிச்மண்ட் அளவுகோலும் குறை 5 முதல் கூட்டல் 4 வரை இவ்வாறே அமைந்தது. பின்னர் குழந்தைகளிடமும் அதைச் சோதித்து ஏற்றனர். நோவுக்கென முகம், கால், அசைவு, அழுகை, தேற்றத் தேறும் தன்மை என ஐந்து கூறுகளை நோக்கும் ‘ஃப்ளாக்’ அளவுகோல் 1997இல் மிச்சிகனில் தோன்றியது. இவற்றுள் எதைக் கொண்டாலும், ஒரு பிரிவில் உள்ள அனைவரும் ஒன்றையே கொள்ள வேண்டும். பொதுத் தேர்வு விடைத்தாளை இருவர் தனித்தனியே திருத்தினால் மதிப்பெண் ஒத்துவர வேண்டுமன்றோ? அதுபோல இரு செவிலியர் ஒரே குழந்தையை ஒரே நேரத்தில் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்புநோக்கிப் பழக வேண்டும். பகல் பணியாளர் 15 என்பதை இரவுப் பணியாளர் 22 என்றால், மருந்தின் அளவு குழந்தையைப் பொறுத்து மாறாமல் ஆளைப் பொறுத்து மாறிவிடும்.

எந்த அளவுகோலும் செல்லாத இடம் ஒன்று உண்டு. வெக்குரோனியம் போன்ற தசை தளர்த்தும் மருந்தைப் பெற்ற குழந்தை இமையையும் அசைக்க இயலாது. அதன் மதிப்பெண் எப்போதும் தாழ்ந்தே நிற்கும். அவ்வெண்ணைக் கண்டு அமைதி என்று எழுதினால், பழைய பிழையையே புதிய தாளில் எழுதியவராவோம். அத்தகைய குழந்தைக்கு நோவு தணிப்பும் உறக்கமும் முன்னதாகவே உறுதி செய்யப்பட வேண்டும். கண்ணீர், வியர்வை, திடீரென விரையும் நாடி ஆகியவற்றைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

அன்புப் பிள்ளைகளே! மதிப்பெண் 23ஐத் தாண்டியதும் மருந்துப் புட்டியை நோக்கிக் கை நீளலாகாது. ‘ஏன்?’ என்னும் வினா முதலில் எழ வேண்டும். பதற்றத்தின் முதற்காரணம் மூச்சுத் திணறலாக இருக்கலாம். குழாய் இடம் பெயர்ந்துள்ளதா? சளியால் அடைபட்டுள்ளதா? மார்பின் இரு பக்கமும் ஒத்து எழுகின்றனவா? கருவி சரிவர இயங்குகிறதா? இவற்றைப் பாராமல் உறக்க மருந்து கொடுத்தால், உதவி கேட்டுக் கூவும் குழந்தையின் வாயைப் பொத்தியது போலாகும். அடுத்து, இரத்தச் சர்க்கரை தாழ்ந்துள்ளதா, சிறுநீர் அடைத்துள்ளதா, படுக்கை நனைந்துள்ளதா, பசிக்கிறதா, குளிர்கிறதா, ஊசி ஏறிய இடம் வீங்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் பதற்றம் தணியாதபோதே மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கூற வேண்டும்.

இன்னும் இரண்டு துன்பங்கள் பதற்றத்தின் வேடத்தில் வருவன. பல நாள் மார்ஃபினும் மிடசோலமும் பெற்ற குழந்தைக்கு அவற்றைத் திடீரென நிறுத்தினால் உடல் நடுங்கும், வியர்க்கும், கொட்டாவியும் தும்மலும் மிகும், வாந்தியும் பேதியும் வரும். இதனை அளக்க 2008ஆம் ஆண்டில் 12 மதிப்பெண் கொண்ட அளவுகோல் ஒன்று வந்தது. அதில் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் வேண்டும். மருந்தைப் படிப்படியாகக் குறைப்பதே இதற்கு வழி. மற்றொன்று ‘டெலிரியம்’ என்னும் அறிவுக் குழப்பம். நம் முன்னோர் ஜன்னி என்று பொதுப்படக் கூறியவற்றுள் இதுவும் அடங்கும். இதனைக் கண்டறிய நியூயார்க்கின் கார்னெல் மருத்துவர்கள் எட்டு வினாக்களை அமைத்து, 2014ஆம் ஆண்டில் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். குழந்தை தன்னைப் பேணுபவரின் கண்ணை நோக்குகிறதா? அதன் செயலில் நோக்கம் உள்ளதா? சூழலை உணர்கிறதா? தேவையைத் தெரிவிக்கிறதா? அமைதியற்றுள்ளதா? தேற்ற இயலாதுள்ளதா? விழித்திருந்தும் அசைவு குன்றியுள்ளதா? மறுமொழிக்கு நெடுநேரம் ஆகிறதா? மொத்தம் 9 அல்லது அதற்கு மேலாயின் ஐயுற வேண்டும். இங்கே ஏழாவது வினாவை மீண்டும் கேட்டுப் பாருங்கள். துள்ளும் குழந்தை மட்டுமன்று, வெறித்துக் கிடக்கும் குழந்தையும் குழப்பத்தில் இருக்கலாம். வகுப்பில் ஓசையற்று அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று எந்த ஆசிரியரும் கொள்வதில்லை. கட்டிலில் ஓசையற்றுக் கிடக்கும் பிள்ளைக்கும் அவ்விதியே.

இவ்வளவு அளந்தும் குறித்தும் வருவதனால் பயன் உண்டா என்று சிலர் வினவலாம். நேர்மையான விடையைக் கூறுவோம். அமெரிக்காவில் 31 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,449 குழந்தைகளிடம் நடந்த பெரும் சோதனையின் முடிவு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. செவிலியரே மதிப்பிட்டு, குறித்த இலக்குக்கு ஏற்ப மருந்தைக் கூட்டிக் குறைத்த முறை அது. வெண்டிலேட்டரில் இருந்த நாள்கள் அதனால் குறையவில்லை. ஆனால் அம்முறையில் பேணப்பட்ட குழந்தைகள் மிகுதியான நேரம் விழித்து அமைதியாக இருந்தன. மருந்து வகைகளும் குறைந்தன. அதே வேளையில், நோவும் பதற்றமும் பதிவான நாள்கள் கூடின. விழித்திருக்கும் குழந்தை தன் நோவைத் தெரிவிக்கும். தெரிவிப்பதைக் கேட்க ஆள் வேண்டும். பிரிட்டனில் 18 பிரிவுகளில் 8,843 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான சோதனையில், நாள்தோறும் மதிப்பிட்டுக் கருவியிலிருந்து விடுவிக்க முயன்ற முறையால் கால அளவு சிறிதளவு குறைந்தது. அளவுகோல் மாயம் செய்வதில்லை. உற்று நோக்குவோரை உண்டாக்குகிறது. 2022ஆம் ஆண்டில் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் வெளியிட்ட நெறிமுறைகளும் இவ்வாறு அளந்தறிவதை வலியுறுத்துகின்றன. பெற்றோர் அருகிருந்து பேணலில் பங்கு கொள்வதையும் பரிந்துரைக்கின்றன.

தாய்மார்களே! இவ்விடத்தில் உங்களுக்கும் ஒரு சொல். மாவட்ட மருத்துவமனையிலோ, சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையிலோ உங்கள் பிள்ளை கருவியில் இருக்கும்போது, கூலி வேலையை விட்டு ஓடிவந்து வாயிலில் நிற்கும் நீங்கள் கேள்வி கேட்கத் தயங்குகிறீர்கள். ‘நாம் என்ன கண்டோம்’ என்று ஒதுங்குகிறீர்கள். நீங்கள் கண்டதே பெரிது. உறக்கம் வந்தால் காதைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, வலது பக்கம் சாய்ந்தால்தான் தூங்கும் பிள்ளை, ‘எரியுது’ என்றால் வயிற்றைக் குறிக்கும் பிள்ளை என்பதெல்லாம் எந்தக் கருவிக்கும் தெரியாது. அதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். அனுமதி பெற்று அருகில் அமர்ந்து, பெயர் சொல்லி அழையுங்கள், கையைப் பற்றிக்கொள்ளுங்கள். ‘இன்று என் பிள்ளைக்கு மதிப்பெண் எவ்வளவு? எவ்வளவில் இருக்க வேண்டும் என்று டாக்டர் குறித்திருக்கிறார்?’ என்று பணிவோடும் அச்சமின்றியும் கேளுங்கள். அது குறை கூறல் ஆகாது. பேணலில் பங்கு கொள்ளலே ஆகும்.

செவிலியராகப் போகும் பிள்ளைகளே! மருத்துவம் நமக்கு அயலான தொழிலன்று. 1907ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராய் விளங்கியவர். நம் பாட்டியருள் எத்தனையோ பேர் ஊரார் பிள்ளைகளையெல்லாம் தம் கையில் ஏந்திய மருத்துவச்சியர். நோவுற்ற உடலை அருவருக்காமல் தொட்ட கைகள் அவை. அக்கைகளுக்கு ஏடும் எழுதுகோலும் வாய்த்திருப்பதே இவ்விருபத்தைந்து ஆண்டின் பேறு. ஆகவே எழுதுங்கள். இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பார்த்ததை மணிக் குறிப்போடு எழுதுங்கள். எழுதியதை மருத்துவரிடம் அஞ்சாது எடுத்துரையுங்கள். இரவு மூன்று மணிக்கு, வேலை மிகுந்து கண் சோரும் வேளையில், பாராமலே ‘15’ என்று நிரப்பிவிடும் ஆசை தோன்றும். அந்தக் கட்டம் ஒரு குழந்தையின் வாய் என்பதை அப்போது எண்ணிப் பாருங்கள். அதைப் பொய்யால் நிரப்புதல் அதன் குரலைக் களவாடுதலாகும்.

இப்பணிக்கு நம் பெண்கள் மேன்மேலும் செல்ல இச்சங்கம் துணை நிற்க வேண்டும். செவிலியப் படிப்புக்கான நூல்கள் விடுதி நூலகத்தில் இடம்பெற வேண்டும். பணியில் உள்ள மூத்த மாணவியர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் வந்து இளையோர்க்குத் தம் அனுபவத்தைக் கூற வேண்டும். இவ்விரண்டு வேண்டுகோளையும் பொறுப்பாளர் முன் வைத்து அமைகிறோம்.